ஆனி பதினைந்து

சுங்கை செம்பிலாங் படகுத்துறையில் கடல் நிறைந்து கிடந்தது. மணல்திட்டைத் தேடி வந்த ஜீவன் படகுக் கொட்டகைப் பக்கம் நடந்தான்.

படகுக்காரச் சீன அம்மாள் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு எங்க போறே தம்பி? தண்ணி நிறைய. மணல் எழும்பாது லா," என்றாள் மலாயில்.

"நீங்கதானே ஆண்ட்டி பதினஞ்சாம் தேதி வரச் சொன்னீங்க?"

"பதினஞ்சுதான். சீனத் தேதி பதினஞ்சு, பௌர்ணமி, அப்பதான் தண்ணி வத்தும். இன்னிக்கு அஞ்சு." சுவரில் தொங்கிய, பந்தய நாளுக்குக் குதிரைப்படம் போட்ட காலண்டரைத் தட்டிக் காட்டினாள்.

அதே காலண்டர்தான் அவன் வீட்டு அடுப்படியிலும் தொங்கியது. பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் சீனத் தேதி, தமிழ்த் தேதி, இஸ்லாமியத் தேதி. "பெரிய நம்பர் இல்ல, சின்ன நம்பர் பாரு" என்று அந்த அம்மாள் போனில் சொன்னது அவனுக்குச் சரியாகத்தான் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஒரு சின்னப் பதினைந்து இருந்தது. அதற்கு மேல் அவன் பார்க்கவில்லை. அது ஆனி பதினைந்து.

காலண்டர் பார்ப்பது மனைவி திலகாவின் வேலையாக இருந்தது. போன அக்டோபரில் அவள் இறந்த பிறகு, மாதம் முடிந்தால் தாளைக் கிழிப்பதோடு அவன் சரி. இத்தனைக்கும் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் அவன் கிராணி, ஆபீஸ் கணக்கெழுதுபவன். டிப்ளோமா படித்தவன். நாள் முழுக்கத் தேதி போடுவதுதான் உத்தியோகம்.

காரிலிருந்து மகள் நித்தியா இறங்கினாள். ஆறு வயது. சிவப்பு கவுன். சிவப்புதான் போட வேண்டும் என்று சொன்னது அவள் அம்மா. கடல் நடுவில் மணல்திட்டு எழும்பும், அதன்மேல் அரைவிரல் தண்ணீர் நிற்கும், வானம் அப்படியே காலடியில் கிடக்கும், சிவப்பு கவுனில் நின்றால் ரெண்டு நித்தியா தெரியும் என்று திலகா சொல்லி வைத்திருந்தாள். எட்டு மாதமாகப் பிள்ளை கேட்டது இது ஒன்றைத்தான்.

பின்னால் சாப்பாட்டுப் பையோடு கங்கா வந்தாள். திலகாவின் அக்கா. ரவாங் ஃபேக்டரியில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, விடியுமுன் எழுந்து தேங்காய்ப்பால் சோறு வடித்து நாசி லெமாக் கட்டி எடுத்து வந்தவள்.

"என்னா ஜீவா, படகு ரெடியா?"

"இன்ஜின் கெட்டுப்போச்சாம்க்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கங்கா பையை அவன் கையில் திணித்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். இன்ஜின் கெட்டால் ஒரு போன் அடிக்க முடியாதா, பச்சைப்பிள்ளையை அழைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே, உங்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இல்லையா என்று மலாயில் பிடிபிடியென்று பிடித்தாள்.

சீன அம்மாள் கங்காவைப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாக ஜீவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சாரி லா," என்றாள் அவள். "என் தப்பு. படகில உக்காந்து சாப்பிடுங்க. நிழல் இருக்கு."

கட்டிப் போட்ட படகில் மூவரும் உட்கார்ந்தார்கள். நித்தியா அழவில்லை. கரையோரச் சேற்றில் விரல் நீளத்துக்கு மீன்கள் துள்ளுவதைக் கண்டு படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, இதுக்குக் கால் இருக்கு!"

"அந்தப் பெருசு என்னா அதட்டு அதட்டுது பாரு. தோட்டத்துல ஆள வெரட்டுற மண்டோரு போல."

"மண்டோரு குழிக்குள்ள பூந்துட்டாரு!"

நித்தியா விழுந்து விழுந்து சிரித்தாள். ஜீவனும் சிரித்தான். காற்று நன்றாக இருந்தது. குனிந்து பார்த்தபோது இலையில் ஒரு பருக்கை இல்லை. இரண்டாவது பொட்டலத்தை எப்போது பிரித்தான் என்று அவனுக்கே நினைவில்லை. திலகா போனபின் ருசி தெரிந்து சாப்பிட்டது இன்றுதான். அதுவும் ஒரு பொய்யின் நிழலில் உட்கார்ந்துகொண்டு. இலையை மடித்துக் காலடியில் மறைத்தான்.

நித்தியா விளிம்பில் காய்ந்திருந்த சேற்றை விரலால் தொட்டாள். பின்பக்கம் போய், படகு இன்ஜினின் மேல் திருநீறு போல மூன்று கோடு இழுத்தாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"சாமி, இதுக்குச் சீக்கிரம் சரியாக்கிடு."

ஆஸ்பத்திரி வார்டில் அம்மாவுக்காக இதே வார்த்தைகளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லி முடித்த அன்று.

"நித்தியா." அவன் எழுந்து பின்பக்கம் போனான். "இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லம்மா. அப்பா பொய் சொல்லிட்டேன். தேதிய நான்தான் தப்பாப் பாத்தேன்."

கங்கா கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டாள். "என்னாது?"

"சீனத் தேதி பாக்கணும். நான் தமிழ்த் தேதி பாத்துட்டேன்க்கா."

"கிராணி வேலைக்கு எவன்டா உன்னை எடுத்தான்?" பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. கொட்டகைப் பக்கம் திரும்பினாள். "அடப்பாவி. அந்தம்மாவ என்னா பேச்சுப் பேசிட்டேன்! நீ பாத்துக்கிட்டு நின்ன. என் மானத்தை வாங்கிட்டியே."



நித்தியா இன்ஜினையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ இது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"நெஜமா?"

"நெஜமா."

அவள் கோடுகளைக் கவுனாலேயே துடைத்துவிட்டு மீன் பார்க்கப் போனாள்.

கங்கா மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். "போ. நீயே போய்ச் சொல்லு. எனக்கு அந்தம்மா மூஞ்சில முழிக்க முடியாது."

கொட்டகை வரை இருபது அடி இருக்கும். நடக்க நேரமெடுத்தது. பொட்டலத்தை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். அவள் இலையைப் பிரித்து மிளகாய்ச் சம்பாலை மோந்து பார்த்தாள்.

"பிள்ளைக்கு அம்மா இல்லையா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"ஜூலை ஒன்பது. புதன். லீவு போடு," என்றாள். "இந்தத் தடவை பெரிய நம்பர் பாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முகம் சுட்டது. அவள் சாப்பிடத் தொடங்கினாள்.

திரும்பி வந்தபோது கங்கா அவனைப் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர்ப் போத்தலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"வீட்டுக்குப் போலாமா நித்தியா?"

"மண்டோரு இன்னும் வெளிய வரலப்பா."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குழியைப் பார்த்தான்.