மூன்று முறை தவறினால்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு, நூலக மாடியில், வீட்டுக் கணினியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு வகுப்பு. எடுப்பவர் கணினி பழுது பார்க்கும் கடைக்காரர். முதல் நாளே, ஒரு வாரம் உங்கள் இணைய இணைப்பைக் கவனித்து எழுதி வாருங்கள் என்றார். எத்தனை மணிக்கு யார் உள்ளே வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எதை எடுத்துக்கொண்டு போனது. நான் கோடு போட்ட நோட்டில் தேதி வாரியாக எழுதினேன். ஆறாம் நாள் படித்துப் பார்த்தால், கணினியைப் பற்றி எழுதியது மாதிரியே இல்லை. ஒரு மனைவி கணவனை வேவு பார்த்து எழுதியது போல இருந்தது.

[நான் என் கணவரை வேவு பார்க்கவில்லை. இதில் வருகிற மனைவி வேறு ஒருத்தி. அவள் பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைத்து அடுக்குகிறவள். நான் வந்து... சரி, அது எதற்கு?]

2

தொடக்கம் சுலபமாக வரவில்லை.

"அவர்கள் வீட்டுக் கணினி நான்கு வருடங்களாக அணைக்கப்பட்டதே இல்லை." விளம்பரம் மாதிரி இருக்கிறது.

"பொறாமை என்பது" என்று ஒன்றை ஆரம்பித்தேன். இப்படி ஆரம்பித்த எந்த வாக்கியத்தையும் நான் முடித்ததில்லை.

"அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது." இது இருக்கட்டும்.

அவள் மவுஸைத் தொடவே இல்லை. அம்புக்குறி நிதானமாகப் போய் ஒரு ஃபோல்டரைத் திறந்தது. அதற்குள் இன்னொன்றை. தேடவில்லை, தடுமாறவில்லை. எது எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த கை.

"என்னங்க, இங்க வாங்க! இது தானா நகருது!"

அவன் பக்கத்து அறையில் மகளுக்குத் தலை சீவிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "அவதான். பிளான் எடுக்கிறா."

"எவ?"

"சர்வேயர்தான். வேற யாரு?"

அவன் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவன். சர்வேயர் அவனோடு முன்பு ஒரே அலுவலகத்தில் இருந்தவள். இன்றும் அவள் அளப்பாள், இவன் வரைவான். கணினியை வாங்கி அமைத்துக் கொடுத்ததே அவள்தான். நிலத்தில் நின்றபடியே வேண்டியதை எடுத்துக்கொள்ள வசதியாக, தூரத்திலிருந்து இயக்கும் ஒரு புரோகிராமையும் போட்டிருந்தாள். அதற்காகத்தான் கணினி அணைக்கப்படுவதில்லை.

"நாலு வருஷமாவா?"

"ஆமா. ஏன்?"

அவள் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

3

சர்வேயரை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. முதல் வரைவில் அவளுக்கு நீளக் கூந்தல் கொடுத்தேன், அடித்தேன். இரண்டாவதில் கொஞ்சம் கெட்டவளாக்கினேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போது அவள் வெயிலில் கருத்த முன்கைகளோடும், சட்டைப்பையில் பென்சிலோடும் இருக்கிறாள். மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் போன் பண்ணுகிறவள். குறை ஒன்றும் இல்லை. பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் கிடையாது.

இன்னொன்று. சர்வேயர் அவனை "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். "டேய், மாடிப்படியைத் தப்பாப் போட்டிருக்கேடா." மனைவியோ நான்கு வருடமாக "என்னங்க"வைத் தாண்டவில்லை. சர்வேயரை அவள் அக்கா என்கிறாள். 'அக்கா'தான் நம் மொழியின் பழைய ஃபயர்வால். அது எல்லாவற்றையும் தடுப்பதில்லை.

4

வகுப்புக்கு வருவோம். கதையில் அந்த மனைவியும் அதே வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.

"நீங்க தூங்கினாலும் அது தூங்காது," என்றார் கடைக்காரர். "யார் கூப்பிட்டாலும் 'என்ன வேணும்'னு எழுந்து வந்து நிக்கும். அதுக்கு மானம் ரோஷம் கிடையாது. நீங்கதான் கத்துக்குடுக்கணும்."

கடைசி வரிசை பஸ் கண்டக்டர் கையைத் தூக்கினார். "பாஸ்வேர்டா பொண்டாட்டி பேரு வெக்கலாமா சார்?"

"கூடாது. கல்யாண நாளும் கூடாது. தெரிஞ்சவன் முதல்ல அதைத்தான் போட்டுப் பாப்பான்."

"எனக்கே ஞாபகம் இல்ல சார், அவனுக்கு எங்க இருந்து வரும்?"

வகுப்பே சிரித்தது. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டாள்: "நம்ம கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்ன?"

"தெற்குக்கல்பதினேழு."

"அப்படின்னா?"

"நாங்க ரெண்டு பேரும் முதமுதலா அளந்த நிலத்தோட எல்லைக்கல். அவ வெச்சது. நான் மாத்தவே இல்ல."

பாடத்தின்படி பார்த்தால் அருமையான பாஸ்வேர்டு. நீளம், எழுத்தும் எண்ணும் கலந்தது, வெளியாள் யாரும் ஊகிக்க முடியாது. மனைவியும்தான்.

வெள்ளிக்கிழமை அவன் வேலையாக மூன்று நாள் வெளியூர் போனான். அவள் நோட்டைத் திறந்துவைத்து வரிசையாகச் செய்தாள். இணைய இணைப்புப் பெட்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்த பழைய பாஸ்வேர்டை மாற்றினாள். மாதக்கணக்கில் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவைத்திருந்த அப்டேட்களை ஓடவிட்டாள். ஃபயர்வாலைப் போட்டாள். தூரத்திலிருந்து இயக்கும் புரோகிராமை நீக்கினாள். "நிச்சயமாக நீக்கவா?" என்று அது கேட்டபோது என் கை உடனே 'ஆம்' என்பதை அழுத்தியது. [அவள் கை.] மூன்று முறை தவறாகப் போட்டால் அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும்படி வைத்தாள்.

எல்லாம் சரி. கடைசியில் புதிய பாஸ்வேர்டு கேட்டது. அவள் தன் கல்யாண நாளைப் போட்டாள்.

[இதைப் படித்தால் கடைக்காரர் அவள் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த எட்டு எண்களை அவன் விரல் தினமும் ஒரு தடவையாவது தொட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவ்வளவுதான். பாதுகாப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.]

5

திங்கட்கிழமை, பதினொன்று முப்பத்தைந்து.

"என்னது, உள்ளயே விடமாட்டேங்குது?"

"மாத்திட்டேன். வகுப்புல சொன்னாங்க."

"சரி, என்ன?"

"எட்டு நம்பர். ஒரு தேதி. உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

"விளையாடாதே. பன்னெண்டு மணிக்குள்ள பிளானை அனுமதிக்கு அனுப்பணும். விட்டா அடுத்த மாசம்தான் எடுப்பாங்க. வீடு கட்டுறவங்க என்னைத் தொலைச்சுடுவாங்க."

"அப்ப சீக்கிரமா யோசிங்க. மூணு தடவைதான் விடும்."

அவன் மகள் பிறந்த நாளைப் போட்டான். தவறு. அடுத்து மனைவி பிறந்த நாளைப் போட்டான். தவறு. ஆனால் அவள் பிறந்த தேதி, மாதம், வருடம் மூன்றும் சரியாக இருந்தன. அவன் விரல் தொட்ட விசைகளை அவள் பார்த்துவிட்டாள். மனசு இளகிப் போய், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதே நேரம் அவன் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், மூணு நாளா உள்ள போக முடியல. என்னடா பண்ணித் தொலைச்சே?"

"பாஸ்வேர்டை மாத்திட்டா. ஏதோ தேதியாம். ரெண்டு தடவை தப்பாப் போச்சு."

மறுபக்கம் சிரிப்பு. "மக்கு! தேதின்னா வேற என்னடா? உங்க கல்யாண நாள்."

"அட, ஆமால்ல!"

அவன் விரல்கள் விசைகளுக்கு மேலே போயின. அங்கேயே நின்றன. மாதம் தெரியும். வருடம் தெரியும். பதினொன்றா, பன்னிரண்டா? சம்பளம் வந்த மறுநாளா, அதற்கு அடுத்த நாளா? அவன் கூரையைப் பார்த்தான்.

"டேய், நெசமாவே மறந்துட்டியா? உங்க கல்யாணத்தன்னிக்கு நீ வராம நான் ஒருத்தியாத்தானே அளந்தேன், அளவுப் புத்தகத்துல தேதி இருக்கு. சொல்லட்டுமா?"

6

இங்கே நான் நிறுத்திவைத்திருக்கிறேன், பதினெட்டு நாளாக.

ஒரு முடிவில் அவனாகவே சரியாகப் போட்டான். மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் மனைவியே முந்திக்கொண்டு தேதியைச் சொன்னாள். பிளான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு தினமும் அவன் போடுவது ஞாபகத்தையல்ல, கேட்டு எழுதிக்கொண்ட ஒரு எண்ணை. சர்வேயர் சொல்கிற முடிவையும் எழுதப் பார்த்தேன். "சொல்லு" என்று அவன் வாயில் போட்டேன். பேனா போகவில்லை. அவள் பூட்டிய வீட்டுக்குள் மறுபடியும் அந்தக் கை வந்து, சரியான இடத்தைத் தொட்டு

இதை முடிக்கப்போவதில்லை.

நேற்று வேறொன்று நடந்தது. "சொல்லட்டுமா?" வரைக்கும் படித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தேன். அவன் "சொல்லு" என்று சொல்லவில்லை. போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். திரும்பி மனைவியைப் பார்த்தான். முகம் சிவந்திருந்தது. "எனக்கு ஞாபகம் இல்லம்மா," என்றான். "அவகிட்ட கேக்கட்டுமா, வேண்டாமா? நீ சொல்றதுதான்."

இதை நான் யோசித்து எழுதவில்லை. அவனாகச் செய்தான். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவளிடம் அனுமதி கேட்டிருக்கிறான், அதுவும் மறந்துபோனதை ஒப்புக்கொண்டு. இதற்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

உள்ளங்கைக்கு அடியில் சர்வேயர் "ஹலோ, ஹலோ" என்கிறாள். ஒரு தடவைதான் மிச்சம். மனைவி என்ன சொல்லட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.