இரண்டு கொட்டேஷன்கள்

மேசை மேல் இரண்டு கொட்டேஷன்கள் கிடந்தன. ஒன்று சூரிய வெந்நீர்த் தொட்டிக்கு. இன்னொன்று மாடி நிறைய சோலார் தகடுகளுக்கு. விலை மூன்று மடங்கு. பேக்கரியில் நாள் முழுக்க ரொட்டி அடுக்கிவிட்டு வந்த களைப்போடு அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவும் பிடிகொடுக்கவில்லை.

உள்ளறையில் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. இருபது வருஷம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்த கணவனின் நுரையீரல் கைவிட்டுவிட்டது. மெஷின் இரவுபகலாக ஓட வேண்டும். பச்சைத் தண்ணீர் பட்டால் இருமல் ஆளை உலுக்கிவிடும். ஆகவே கீசரும் ஓட வேண்டும். கரண்ட் பில்லுக்கே அவள் சம்பளத்தில் பாதி போனது. அதைவிடக் கொடுமை தினமும் மத்தியானம் கரண்ட் போகும் நேரம். அவள் வேலையில் இருக்கும்போது கொழுந்தன் வந்து திறந்துவிடும் வாடகை ஆக்சிஜன் சிலிண்டர் தீர்வதற்குள் கரண்ட் வருமா, வராதா?

"தகடு போட்டுட்டா கவலையே இல்ல மேடம். கீசர், மெஷின் எல்லாமே வெயில்லயே ஓடும். முன்பணம் மட்டும் கட்டுங்க, மீதி தவணைதான்" என்று எதிரே உட்கார்ந்திருந்த சோலார் கம்பெனி ஆள் பேனாவை நீட்டினான்.

கணவனின் பெயிண்ட் கம்ப்ரஸரை விற்ற பணம் முன்பணத்துக்குப் போதும். அவள் பேனாவை வாங்கினாள்.

"இருங்க அண்ணி" என்றான் பக்கத்தில் நின்ற கொழுந்தன். வயரிங் வேலை பார்ப்பவன். "லைன்ல கரண்ட் போனா இது ஓடுமா?"

ஆள் தொண்டையைச் செருமினான். "இது பேட்டரி இல்லாத மாடல் சார். லைன் போனா பாதுகாப்புக்காக இதுவும் நின்னுடும்."

"மொட்டை வெயில் அடிச்சாலுமா?"

"அடிச்சாலும்தான். பேட்டரியோடன்னா ரேட் ரெண்டு மடங்கு."

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "அப்ப கீழ இவர் மூச்சுத் திணறும்போது, மேல தகடு சும்மா மினுக்கிட்டு இருக்குமா?"

ஆள் காகிதங்களை மடித்துக்கொண்டு கிளம்பினான்.

உள்ளேயிருந்து கணவன் கூப்பிட்டான். எல்லாம் காதில் விழுந்திருந்தது. "என்னை எங்கயாவது ஆஸ்பத்திரியில தள்ளிடு. நீயாவது நிம்மதியா இரு."

"பேசாம படுங்க. இருக்கிற கொஞ்ச மூச்சையும் இதுக்கா செலவு பண்றீங்க?"

மறுநாள் காலையில் கொழுந்தன் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கிவந்து மாட்டினான். கம்ப்ரஸர் பணம் அதோடு சரி. வெந்நீர்த் தொட்டிக்கு வழியில்லை. "மூணு மணி நேரம் தாங்கும் அண்ணி. மெஷினைத் தவிர வேற எதையும் போட்டுடாதீங்க."

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் கரண்ட் போனது. சிலிண்டரைத் திறக்க ஓடினாள். மெஷின் ஒரு நொடி திணறி, மறுபடி இரைந்தது. மின்விசிறி இல்லாமல் வியர்த்து வழிய, இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்தபோது கணவன் தூங்கிப்போயிருந்தான்.

அவன் விழித்ததும், பில்லை நினைத்து கீசரைப் போடாமல், அடுப்பில் அரை வாளி வெந்நீர் வைத்து, துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றாள். "இன்வெர்ட்டர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா பேட்டரி தீரப்போகுதுன்னு அர்த்தம். உடனே தம்பிக்குப் போன் பண்ணுங்க, வந்து சிலிண்டரைத் திறந்துவிடுவான்."

"அவன் வர்றதுக்குள்ள...?"

அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும்.