ஞானசீலன் சொன்ன சாட்சி

கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார் ஞானசீலன். எல்லாமே பறந்துவிட்டது. நான்கு எட்டு உள்ளே போய் வேறொரு கதிரை உருவினார். அதுவும் பதர்தான். ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முக்கால் ஏக்கரும் நன்றாக விளைந்து நிற்பதாகத் தெரியும். கிட்டே வந்தால்தான் கதிர்கள் தலை சாயாமல் விறைத்து நிற்பது கண்ணில் படும். மணி பிடித்த கதிர் அப்படி நிற்காது. மறுநாள் காலை ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. இந்த வருடத்தின் முதல் கதிர்க்கட்டைக் கொண்டுவந்து படைக்கப்போவது ஞானசீலன் என்று போதகர் போன ஞாயிறே அறிவித்துவிட்டார்.

ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் இன்னும் பயிர் வைப்பவர் அவர் ஒருவர்தான். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு மண்ணுக்குள் இறங்கி இறங்கி, கிணறுகள் உவர்த்துப்போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. மற்றவர்கள் நிலத்தை மனை போட்டு விற்றார்கள், அல்லது அப்படியே போட்டுவிட்டு ஷூ கம்பெனிக்குப் போனார்கள். அவர் மனைவி தேவகிருபையும் பதினோரு வருடமாக அங்கே தையல் லைனில் இருக்கிறாள். வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். ஞானசீலன் மட்டும் விடவில்லை. உப்பை முறிக்க ஜிப்சம் போட்டார். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். உவர் தாங்கும் என்று வேளாண்மை அலுவலகத்தில் சொன்ன நெல்லை வாங்கி நட்டார். நட்டதெல்லாம் வருடா வருடம் ஒரு முழம் எழும்பி, மஞ்சளாகி, கருகியது.

இந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பாலாற்றில் இரண்டு வாரம் தண்ணீர் ஓடியது. பயிர் மழையிலேயே வளர்ந்தது. கார்த்திகையில் மழை நின்றதும் வாடத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சுவதா வேண்டாமா என்று தெரியாமல் மூன்று நாள் விடியற்காலையில் கிணற்று மேட்டில் முழங்காலிட்டு ஜெபித்தார். நான்காம் நாள் மோட்டாரைப் போட்டு, குழாயில் வந்ததை ஒரு வாய் குடித்தார். உப்புக் கரிக்கவில்லை. தேவகிருபையைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னார். அவளும் குடித்தாள். இருவரும் அங்கேயே நின்று அழுதார்கள்.

அந்த ஞாயிறு ஆலயத்தில் மைக்கைப் பிடித்து, "ஆண்டவர் என் கிணத்த சொஸ்தமாக்கிட்டாரு" என்று சாட்சி சொன்னார். கம்பெனியில் தேவகிருபை தன் லைனில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். பக்கத்து மெஷின் சைரா, படுத்த படுக்கையாக இருக்கும் தன் அம்மாவுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் கேட்டு வாங்கிப் போனாள்.

இரண்டாவது முறை பாய்ச்சியபோது ஞானசீலன் குடித்துப் பார்க்கவில்லை. பார்ப்பது சந்தேகப்படுவதாகிவிடும் என்று பட்டது. பயிர் பூவெடுத்திருந்த நேரம். காலை முழுக்க மோட்டார் ஓடியது. கிணற்றில் மேலே நின்றிருந்த மழைத்தண்ணீர் தீர்ந்து, அடியிலிருந்த பழைய தண்ணீர் ஏறி வந்ததை, வரப்போரம் வெள்ளை நுரை ஒதுங்கிய பிறகுதான் கண்டார். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். அதற்குள் வயல் முழுக்கப் பாய்ந்திருந்தது. இதை வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

பண்டிகைக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை மதியம், வேலூரில் நர்ஸாக இருக்கும் மகள் எப்சி வந்தாள். கையில் துணியில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்துக் காட்டினாள். முற்றிய நெற்கதிர்கள். கூட வேலை செய்யும் சௌமியாவின் ஊர் ஆற்காட்டுப் பக்கம், அவர்கள் வயலில் அறுத்தது.

"இத எடுத்துனு போப்பா. எந்த வயல்ல வெளஞ்சதுன்னு யாரு கேக்கப் போறாங்க?"

ஞானசீலன் ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்தார். மணிகள் விரலில் உருண்டன. "ஆண்டவர் பாப்பாரும்மா."

"நீ தண்ணி பாய்ச்சும்போதும் அவரு பாத்துனுதானப்பா இருந்தாரு?"

சொன்னபிறகு அவளே பயந்துபோனாள். தேவகிருபை அடுப்படியிலிருந்து வந்தாள். கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நாளு இத வெச்சிடுங்க," என்றாள் கணவனிடம். "திங்கக்கெழம நான் லைன்ல போயி உக்காரணும். சைரா அந்தத் தண்ணிய அவங்கம்மாவுக்கு தெனம் ஒரு மூடி குடுத்துனு இருக்கா. அவகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"



ஞாயிறு காலையில் கிளம்பும்போது ஞானசீலன் தன் வயலில் அறுத்த கட்டையே எடுத்துக்கொண்டார். தேவகிருபை பார்த்தாள். எப்போதும் பக்கத்தில் நடப்பவள், அன்று பத்தடி பின்னாலேயே வந்தாள்.

ஆலயத்தில் வாழைத்தார், பூசணி, கால் கட்டிய கோழிகள் என்று வரிசை நின்றது. முக்கால்வாசி ஆம்பூர் மார்க்கெட்டில் வாங்கியவை. எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஞானசீலன் முதல் ஆளாகப் போய்க் கட்டை நீட்டினார். வாங்கிய போதகரின் கட்டைவிரல் ஒரு கதிரை அழுத்தியது. நின்றது. அதற்குள் சபைச் செயலாளர் பிரேம்நாத் மைக்கைக் கொண்டுவந்து ஞானசீலன் வாயருகே வைத்துவிட்டார்.

"கெணறு பழையபடி ஆய்டுச்சு," என்றார் ஞானசீலன். "நான்தான் அவசரப்பட்டு சாட்சி சொல்லிட்டேன். இதுல மணி இல்ல. இருக்கறத கொண்டாந்தேன்."

பிறகு பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். உடனே சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. பாடகர் குழு பாட்டைத் தொடங்கியது. யாராவது கோபப்படுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று ஞானசீலன் நினைத்திருந்தார். அடுத்தவர் வாழைத்தாரோடு முன்னே வந்தார், அவர் விலகி வழிவிட வேண்டியதாயிற்று. வெளியே காணிக்கைகளை ஏலம் விட்டபோது பிரேம்நாத் அந்தக் கட்டைத் தூக்கினார், ஒரு நொடி வைத்திருந்தார், மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் பூசணியை எடுத்தார்.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எப்சி, "ரெண்டு பேரும் எங்கூடயே வந்துடுங்கப்பா. செக்யூரிட்டி வேல சொல்லி வெக்கிறேன்" என்றாள். "பாக்கலாம்மா" என்றார். இதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை என்பது மூவருக்கும் தெரிந்தது.

பஸ் போனதும் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். உப்பேறிய வைக்கோலை மாடுகூடத் தொடாது. அறுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர் வரப்பிலிருந்து அறுக்கும் சத்தம் கேட்டது. பண்டிகைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தேவகிருபை குனிந்திருந்தாள்.

"நீ ஏன் வந்த? உம் பக்கம் நிக்கட்டும்னு விட்டுடலாம்."

"நிக்க விட்டா, வெளஞ்சிருக்குன்னு மறுபடியும் எவனாச்சும் சொல்லுவான்."

இரண்டு பக்கத்திலிருந்தும் அறுத்துக்கொண்டே நடுவுக்கு வந்தார்கள். அவள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

"இனிமே ஜெபம் பண்ணுவீங்களா?"

"தெரில. விடிகாலைல முழிப்பு வந்துடுது. முட்டி தானா மடங்கிடுது."

"முட்டி போட்டு இன்னா கேப்பீங்க?"

நடுவில் மிச்சமிருந்த கொத்தை அவர் குனிந்து அறுத்தார்.

அவள் அறுத்ததைச் சேர்த்துக் கட்டினாள். நல்ல விளைச்சல் கதிரை ஒரு மணி சிந்தாமல் கட்டுவதுபோலவே முறுக்கிக் கட்டினாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தாள். இரண்டு கட்டுகளை அவர் தூக்கிவிட, வரப்போகும் பாரத்துக்காகக் கழுத்தை விறைத்து, பல்லைக் கடித்து, காலை அகட்டி நின்றாள். மணியில்லாத கட்டில் அந்தப் பாரம் வரவில்லை. ஆனாலும் அதே கழுத்தோடு, அதே நடையில், வரப்பில் மெதுவாக நடந்து போனாள்.