ஜெபத்துக்காக மட்டும்

என் மனைவி ஜெபிக்க உட்கார்ந்தால் கூரை ஓடெல்லாம் ஒரு சாண் எழும்பி, ஆமென் சொன்ன பிறகுதான் திரும்ப உட்காரும். பரலோகத்தில் தூதர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்றும் சொல்வேன், அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். என் வாயில் எதுவும் கொஞ்சம் பெருத்துத்தான் வரும், கழித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்காவது கஷ்டமென்றால் முதல் ஆள் அடுத்தவருக்குப் போன் செய்வார், அவர் அடுத்தவருக்கு. செய்தி அறுந்துபோகாமல் சுற்றி வந்ததா என்று பார்க்க, கடைசி ஆள் முதல் ஆளுக்கே திரும்பச் சொல்ல வேண்டும். முதல் ஆள், வேறு யார், என் மனைவிதான்.

பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒரு மதியம், தையல்காரப் பெண் வாத்தியார் வீட்டுக்குள் போவதை அவள் பார்த்துவிட்டாள். வாத்தியார் ஆராதனையில் பியானோ வாசிப்பவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர். தையல்காரப் பெண் பாடகர் குழுவில் பாடுபவள். அவள் கணவருக்குக் கப்பலில் சமையல் வேலை.

பல் போன வாய் சும்மா இருக்குமா? அடுத்த ஆளுக்குப் போன் போட்டாள்.

"பேர் சொல்ல மாட்டேன்க்கா. ஜெபத்துக்காக மட்டும் சொல்றேன். நம்ம சகோதரி ஒருத்தி சோதனையில இருக்கா. துணி தைக்கிறவ. புருஷன் கடல்ல."

"ஆமாமா, பேரையா சொன்ன? விலாசத்தை மட்டும்தானே சொன்ன!" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. எனக்கு எவ்வளவு பாரமா இருக்கு தெரியுமா?"

பாரம் உண்மைதான். கண்ணில் நீர் நின்றது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நானே சங்கிலியை அறுத்துப் போட்டிருப்பேன்.

சேதிக்குக் கண், காது, மூக்கு முளைத்தது. இரண்டாவது போனில் கதவைத் தாழ் போட்டார்கள். ஐந்தாவது போனில் பெட்டி கட்டினார்கள். கடைசி ஆள் என் மனைவியைக் கூப்பிட்டபோது அவள் நாற்காலியில் சாய்ந்தே விட்டாள்.

"கேட்டீங்களா? ஓடிப்போகப் போறாங்களாம்! நான் மட்டுமா சொன்னேன், ஊரே சொல்லுது!"

தான் பெற்ற பிள்ளை தாடி மீசையோடு வந்து நின்றால் யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கப்பலிலிருந்து போன் வரும். தையல்காரப் பெண் வாசல் படியில் நின்று பேசுவாள். அவள் சிரிக்கிற சிரிப்பில் தெருவில் போகிற சைக்கிள்காரன் தானாகவே மணி அடிப்பான். அந்த ஞாயிறு போன் வரவில்லை. அவளே அழைத்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. "சிக்னல் இல்ல போல," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். யாரும் அவள் பக்கம் போகவில்லை. சங்கிலியில் ஒருத்தியின் தம்பிக்கும் அதே கப்பலில்தான் வேலை.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு குடும்பம் அழியுதுங்க. வாத்தியார நேர்ல பாத்து நாலு வார்த்தை கேட்டே ஆகணும், வண்டிய எடுங்க!"

மறுநாள் போனோம். உள்ளே பியானோ கேட்டது, கூடவே பாட்டும். மனைவி பெல்லை அழுத்தினாள். கல்லறையில் இருப்பவர்களே எழுந்து வந்திருப்பார்கள், அப்படி அழுத்தினாள். பாட்டு நின்றது, பியானோ நிற்கவில்லை. தையல்காரப் பெண்தான் கதவைத் திறந்தாள். வாத்தியார் எங்களுக்கு முதுகு காட்டி, கட்டைகள் மேல் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே!" என்று ஒரு அதட்டல் போட்டாள் என் மனைவி.

அவர் திரும்பவில்லை. தையல்காரப் பெண் போய் அவர் தோளைத் தொட்டாள். திரும்பினார், முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, வாங்க வாங்க! பெல் அடிச்சிருக்கலாமே!"

கொண்டுபோன நாலு வார்த்தையையும் அப்படியே விழுங்கிக்கொண்டு மனைவி வாசலுக்குத் திரும்பினாள்.

வாசல்வரை வந்த தையல்காரப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள். "வாத்தியாருக்குக் காது சுத்தமாப் போயிடுச்சுக்கா. ஆபரேஷன் வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்னு கெஞ்சினார். பியானோவையும் வேற ஆள்கிட்ட குடுத்துட்டா அவருக்குன்னு என்னக்கா இருக்கு? நான் பாடுறேன். என் வாயப் பாத்து வாசிச்சுப் பழகுறார். எப்ப நிறுத்தணும்னு தோளைத் தொட்டுச் சொல்வேன்."

"உன் வீட்டுக்காரர்கிட்டயாவது..."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேனே. நேத்து ராத்திரி அவரே கூப்பிட்டுக் கேட்டப்ப, 'என்னை நம்புங்க'ன்னு மட்டும்தான் சொன்னேன். போனை வெச்சிட்டார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஜெபத்துக்காகக்கூட வேணாம்."

(இப்போது வாத்தியாரே காதுக் கருவியைக் கழற்றிக் கழற்றிக் காட்டுகிறார். அதனால்தான் நான் வாய் திறக்கிறேன்.)

திரும்பும் வழியில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துபோய் வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடலாமா என்று பார்த்தேன்.

அந்த வாரப் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடப் போயிருந்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"தைக்கிற சகோதரியப் பத்தி நான் சொன்னது பொய். நான் பாத்தது ஒரு கதவு தொறந்தத மட்டும்தான். மிச்சமெல்லாம் என் நாக்கு."

"அப்ப எதுக்குத்தான் அங்க போறா?" என்றாள் சங்கிலியில் ஒருத்தி.

"சொல்ல மாட்டேன்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

இந்த ஒரு பதிலுக்கு அவளுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். மேட்டில் நிறைந்த பஸ்ஸைக் கைப்பிரேக்கில் நிறுத்திவைத்த மாதிரி நின்றாள். பிறகு தம்பி கப்பலில் இருப்பவளிடம் எண்ணைக் கேட்டு, எல்லோர் முன்னாலும் தையல்காரப் பெண்ணின் கணவரை அழைத்தாள்.

"தம்பி, அந்தப் பேச்சு என் வாயிலதான் பொறந்துச்சு. உங்க சம்சாரம் தங்கம். அவளால காரணம் சொல்ல முடியாது. அது இன்னொருத்தரோட மானம். என்னை நம்ப வேணாம், அவளை நம்புங்க... ஆமா தம்பி. ஆமா. நீங்க திட்டுறது நியாயம்தான்."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முழங்காலில் நின்றாள். உதடு அசைந்தது, சத்தமே இல்லை. ஓடுகள் இருந்த இடத்தில் இருந்தன.

ஞாயிறு, ஆராதனை முடிந்தது. படியில் போன் அடித்தது. தையல்காரப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதலில் அழுகைதான். பிறகு சின்னதாக ஒரு சிரிப்பு. பழைய சிரிப்பில் பாதிகூட இல்லை. ஆனாலும் சிரிப்பு.

எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. "என்னதான் சொல்றாராம்? பக்கத்துல போய் நின்னு கேளேன்."

"ஜெபம் பண்ணுங்க," என்றாள் என் மனைவி.

உள்ளே பியானோ இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. சபை கலைந்தது தெரியாமல், வழியனுப்பும் பாட்டை வாத்தியார் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட வேண்டியவள் படியில் இருந்தாள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, காலி நாற்காலிகளின் நடுவே நடந்து போய், அவர் தோளில் மெல்லக் கை வைத்தாள்.