வீட்டில் பேசும் மொழி

மார்ச் மாதம் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு, பலெர்மோவின் சீசாப் பகுதியில் இராஜதுரையின் வீட்டுக்குள் தமிழ் நின்றுபோனது. அன்றைக்குத் தண்ணீரும் நின்றிருந்தது. ஆனால் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்பது வாரத்துக்கு இரண்டு முறை நடக்கிற காரியம் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இராஜதுரையின் மனைவி குகனேஸ்வரி, பொலிதேயாமாப் பக்கம் இரண்டு வீடுகளைத் துடைத்துவிட்டு, பாவற்காய்ப் பையோடு வந்து கதவைத் திறந்தபோது, குசினி மேசையிலும் கதிரைகளிலும் அரிசி வாளிக்கு மேலும் புத்தகங்கள் குவிந்திருந்தன. உதென்னடி உது என்று மகள் கேசிகாவிடம் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது இத்தாலியம்: “ஸ்கூசி, சிஞ்ஞொரீனா, தோவே லி மெத்தோ?” மன்னிக்க வேண்டும் இளம் அம்மணி, இவற்றை நான் எங்கே வைக்கட்டும் என்று அதற்குப் பொருள். இருபத்திரண்டு வருடமாக, சிஞ்ஞோரா என்று அழைக்க வேண்டிய வீட்டுக்கார அம்மாமாரின் வீடுகளில் அவள் பொறுக்கிய இத்தாலியம் அவ்வளவுதான். அதில் மரியாதை நிறைய இருந்தது, ஏச்சு ஒன்றுகூட இல்லை.

காரணம், அன்று காலை கேசிகாவின் பள்ளிக்கூடத்தில் முடிந்த அரசுத் தேர்வு. உயர்பள்ளியின் கடைசி வருடத்துப் பிள்ளைகள் எல்லோரும் இத்தாலியம், கணக்கு, ஆங்கிலம் மூன்றையும் கணினியில் எழுத வேண்டும். எழுதாதவர்களுக்கு ஜூன் மாத இறுதிப் பரீட்சைக்குள் நுழைய அனுமதியில்லை. எழுதியவர்கள் எட்டிய தரம் டிப்ளோமாவுக்குப் பின்னால் முத்திரையோடு சேர்க்கப்படும். கேசிகா மூன்றையும் ஒழுங்காகவே எழுதினாள். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, பிள்ளைகளின் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று அரசு இன்னும் நாலு கேள்வி கேட்டது. வீட்டில் எத்தனை புத்தகம்? தகப்பனின் தொழில் என்ன? வீட்டில் பேசும் மொழி எது? தாயின் தொழில் என்ன? கேசிகா பொய் சொல்கிற பிள்ளையல்ல. தாயிடமோ தகப்பனிடமோ அவள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. ஆனால் அரசு என்பது சொந்தக்காரர் அல்லவே. பக்கத்துக் கணினிக்காரி இருநூறுக்கு மேல் என்று அழுத்தியதைக் கண்டு, பாடப்புத்தகங்களை விட்டால் ஒரு பஞ்சாங்கமும் ஒரு தேவாரப் புத்தகமும் மட்டுமே இருந்த வீட்டின் பெயரில் அவளும் அதையே அழுத்தினாள். தகப்பனுக்கு, கந்தோர் ஒன்றை நடத்தும் பணிப்பாளர் என்று போட்டாள். மொழிக்கு இத்தாலியம். தாயின் தொழிலுக்கு வந்தபோது ஒரு நிமிடம்தான் மிச்சமிருந்தது, யோசிக்க நேரமில்லை, அதனால் வீட்டு வேலை என்று உண்மையைப் போட்டுவிட்டாள். ஆகவே அந்தக் குடும்பத்தில் குகனேஸ்வரியின் உத்தியோகத்தில் மட்டும் எந்த மாற்றமும் நேரவில்லை. மறுநாளும் அவள் துடைக்கத்தான் போனாள்.

புத்தகங்கள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. செம்மறியாடுகளின் நோய்கள் பற்றி ஒன்பது, உழவு இயந்திரம் திருத்துவது பற்றி நாலு, நடுவில் ஐந்து பாகம் இல்லாத ஒரு கலைக்களஞ்சியம், ஒரே சமையல் நூலின் முப்பது பிரதிகள். அவற்றைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டால், திரும்பி வந்து கதவைத் திறப்பதற்குள் பழைய இடத்தில் இருந்தன. இராஜதுரைக்கு நடந்தது புதன்கிழமை. ஒன்பது வருடமாக அவன் எண்பத்தொன்பது வயதான ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பராமரித்து வந்தான். அன்று காலை அவரைக் குளிப்பாட்டப் போகிற வழியில், பொலிதேயாமாவுக்குப் பின்னாலிருந்த ஒரு கட்டடத்தின் காவலாளி அவனை வணங்கி, நாலாம் மாடிக்குக் கூட்டிப்போய், கதவில் அவனுடைய பெயர் பித்தளையில் பொறித்திருந்த அறைக்குள் உட்காரவைத்தான். அந்தக் கந்தோர் எதைப் பணிக்கிறது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. சம்பளத்தைப் பற்றி அரசு கேட்காதபடியால் சம்பளம் பழைய சம்பளமாகவே இருந்தது.

வீட்டுக்குள் தமிழ் எங்கே முடிகிறது என்பதைக் குகனேஸ்வரி இரண்டே நாளில் அளந்துவிட்டாள். வாசற்படிக்கு வெளியே, இரண்டாம் மாடிப் படித்தளத்தில் நின்றால் வழக்கமான யாழ்ப்பாணத் தமிழ். ஒரு கால் உள்ளே வைத்தால் இத்தாலியம். இரண்டு காலையும் இரண்டு பக்கமும் வைத்து நின்றால் வசனம் நடுவில் மாறி, வினைச்சொல் வராமலே நின்றுவிடும். வீட்டுக்குள் கணவனும் மனைவியும் பேசியது கேட்க விசித்திரமாக இருந்தது. அவளிடம் இருந்தது தரை துடைக்கிற இத்தாலியம், அவனிடம் இருந்தது கிழவரைப் பார்க்கிற இத்தாலியம். சாப்பாடு போடவா என்று கேட்க நினைத்து, குளியலறை முடிந்தது சிஞ்ஞோரா, அடுத்து எந்த அறை என்று அவள் கேட்பாள். போடு என்று சொல்ல நினைத்து, நல்ல பிள்ளை, வாயைத் திற, இன்னும் ஒரேயொரு குளிசை என்று அவன் சொல்வான். படுக்கையில் அவன் அன்பாகச் சொல்ல முயன்றது, மூத்திரம் பெய்துவிட்டுப் படுத்தாயா என்று வந்தது. கேசிகாவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இஞ்சை பிறந்து வளர்ந்த பிள்ளையின் வாயிலிருந்து பலெர்மோக்காரரின் இத்தாலியம் தண்ணீராய்க் கொட்டியது. வீட்டுக்குள் நடந்த எல்லா வாக்குவாதத்திலும் அவளே வென்றாள். தாய் மகளைப் பார்த்து, உங்கள் விருப்பம் சிஞ்ஞொரீனா என்று தலையைக் குனிந்தாள். வென்ற பிள்ளைக்கு அது மூன்று நாளுக்குமேல் பொறுக்கவில்லை. நாலாம் நாள் தாயைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, படியில் இருத்தி, நடந்ததைச் சொன்னாள்.

“ஏன்டி அப்பிடிப் போட்டனி?”

“எல்லாரும் அப்பிடித்தானம்மா போடினம். உண்மையைப் போட்டா, வெளிநாட்டுப் பிள்ளை எண்டு தனியாப் பிரிச்சு வைப்பாங்கள்.”

“வைச்சா என்ன? நீ வெளிநாட்டுப் பிள்ளைதானே?”

“நான் இஞ்சை பிறந்தனான்.”

“அப்ப நான்? நான் ஆரடி அந்த வீட்டுக்குள்ள? உனக்கு வேலைக்காரியே?”

எதிர்வீட்டு மரியா, கணவனை இழந்த பலெர்மோக்காரி, சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து, விளங்காவிட்டாலும் நல்ல சண்டை என்று கண்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் தாயும் மகளும் பள்ளிக்கூடக் கந்தோருக்குப் போனார்கள். அங்கே கடதாசி வேலை பார்த்த மொனிகா கதையைக் கேட்டுப் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. இந்த வருடம் இது ஏழாவது என்றாள். ஒரு பையன் வீட்டில் நீச்சல் குளம் உண்டு என்று எழுதி, ஐந்தாம் மாடியில் தகப்பனும் தாயும் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறார்களாம். கொடுத்த பதிலைத் திருத்த இயலாது என்றாள். தேர்வு முழுவதையும் இரத்துச் செய்தால் பதிலும் இரத்தாகும், ஆனால் தேர்வு இல்லையென்றால் ஜூன் பரீட்சை இல்லை, டிப்ளோமாவும் இல்லை, பிள்ளை இன்னொரு வருடம் இதே வகுப்பில் இருக்க வேண்டும். மறுமுறை எழுதும் நாள் காய்ச்சல்காரருக்கு மட்டுந்தான். பிறகு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். மாணவி ஒரு கையெழுத்து, பாதிக்கப்பட்டவர் ஒரு கையெழுத்து, மே மாதம் முப்பதாம் திகதி மத்தியானத்துக்கு முன்னால். குகனேஸ்வரி அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கேசிகா பல்கலைக்கழகத்தில் எக்ஸ்றே எடுக்கிற படிப்புக்குப் போக இருந்தவள். இரண்டு வருடமாக வேறு கதை அவளிடம் இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையில் பாதி, படிக்கட்டுக்கு வந்தது. குகனேஸ்வரி மரக்கறியை அங்கேதான் வெட்டினாள். தேவாரம் உள்ளே சவர்க்காரத்தின் விலையாக வந்தபடியால் பிள்ளையாரையும் கொண்டுவந்து மின்சாரப் பெட்டிக்கு மேலே வைத்தாள். மரியா அவருடைய தலையைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டு, பதில்களில் திருப்தியடைந்து, அடுத்த நாளிலிருந்து ஒரு வாழைப்பழம் வைத்தாள். இராஜதுரைக்குப் பணிப்பாளர் பதவி மூன்றாம் வாரமே அலுத்துவிட்டது. அவன் மத்தியானங்களில் பின்கதவால் இறங்கிப்போய்க் கிழவருக்குச் சவரம் செய்துவிட்டு வந்தான். “கையெழுத்தை வைச்சுக் குடுத்திடு குகா, ஒரு வருசந்தானே,” என்று படியில் வைத்து மனைவியிடம் கெஞ்சினான். அவள் வைக்கவும் இல்லை, படிவத்தைக் கிழிக்கவும் இல்லை.

மே மாதம் பதினெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, கொக்குவிலிலிருந்து அத்தான் தொலைபேசி எடுத்தார். குகனேஸ்வரியின் அக்கா அருள்நாயகி அன்று காலை நெஞ்சு நொந்து காலமாகிவிட்டாள். குகனேஸ்வரி அப்போது குசினிக்குள் நின்றாள். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். வாயிலிருந்து, யன்னல்கள் எல்லாம் துடைத்தாயிற்று சிஞ்ஞோரா, சலவைத்தூள் முடிந்துவிட்டது, வியாழக்கிழமை வருகிறேன் என்று வந்தது. இன்னும் பலமாக அடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்றே வந்தது. தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் அத்தான், குகா, குகா, என்ன சொல்லுறாய், விளங்கேல்லை என்று அழுதுகொண்டிருந்தார். கேசிகா ஓடிவந்து தாயைத் தோளோடு அணைத்து, இழுத்து, கதவுக்கு வெளியே கொண்டுவந்து விட்டாள். படியில் கால் பட்டதும், “என்ரை அக்கா, என்னை வளர்த்த அக்கா, உன்ரை முகத்தைப் பாக்காமல் போனனே,” என்று நாலு மாடியும் கேட்கப் புறப்பட்டது. ஒப்பாரி பின்னேரம் ஐந்து மணிவரை நடந்தது. எல்லாத் தளத்துச் சனமும் கதவைத் திறந்து படிகளில் வந்து நின்றார்கள். மரியா குகனேஸ்வரியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் முடிவில் அக்கா என்று சேர்ந்து அழுதாள். அக்கா என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் கேசிகா தாயின் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்துத் தன் கையெழுத்தை வைத்தாள். படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தாயிடம் அதையும் பேனையையும் நீட்டினாள்.

“வையுங்கோ அம்மா. எனக்கு டிப்ளோமாவும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்.”

குகனேஸ்வரி கையைத் துடைக்காமலே அதை வாங்கினாள். மகளின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“படியில நிண்டு நான் கதைக்கலாம், அழலாம், சமைக்கக்கூட ஏலும்,” என்றாள். “படியில நிண்டு உன்னாலை எக்ஸ்றே எடுக்க ஏலுமே?”

“அம்மா…”

“செய்ததுக்கு நல்லா அனுபவி. போய்ப் படி. உள்ளுக்கை போய் இத்தாலியத்திலை படி.” வெங்காயத் தோலை அந்தப் படிவத்துக்குள் சுருட்டி வைத்தாள். மே முப்பதாம் திகதி மத்தியானம் வந்து, போனது.

கேசிகா ஜூன் மாதத்தில் இறுதிப் பரீட்சை எழுதினாள். வாய்மொழிப் பரீட்சைக்குக் குகனேஸ்வரி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பின்வாங்கில் போய் உட்கார்ந்தாள். நூற்றுக்கு எண்பத்தாறு. டிப்ளோமாவுக்குப் பின்னால் இத்தாலியம் நாலாம் தரம், கணக்கு மூன்றாம் தரம் என்றும், அதற்குக் கீழே வீட்டில் பேசும் மொழி இத்தாலியம் என்றும் முத்திரை குத்தியிருந்தது. இராஜதுரை அந்தக் கடைசி வரியைப் படியில் நின்று படித்துவிட்டு, அரசாங்கம் பொய் சொல்லேல்லை என்றான். செப்டெம்பரில் பிள்ளை எக்ஸ்றே படிப்பில் சேர்ந்தாள்.

நவம்பர் மாதம் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் வருடாந்தக் கூட்டம் கீழே வாசலில் நடந்தது. நிகழ்ச்சி நிரலில் நாலாவது, இரண்டாம் மாடிப் படித்தளத்தில் தமிழ். ஆட்சேபணை ஒன்றுதான் வந்தது. மூன்றாம் மாடிக்காரர், மிளகாய் பொரிக்கிற அன்றைக்கு மட்டும் முதலே அறிவிக்க வேண்டுமென்றார், குகனேஸ்வரி சம்மதித்தாள். காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணிவரை தளத்தைத் தமிழுக்கு விடுவதென்று கைகள் உயர்ந்தன. மரியா எழுந்து ஒரு திருத்தம் சொன்னாள், அதுவும் ஏற்கப்பட்டது: அழுகைக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஐந்தாவது விடயமான லிஃப்ட் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.