காப்பு கட்டிய பிறகு

இலங்கையில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கைக்குழந்தையாக மண்டபம் முகாமுக்கு வந்து, கொடைக்கானலில் வக்கீலானவள் நான். குடியிருப்பது மேல்மலைக் கிராமத்தில். பூண்டு வயலைக் காட்டுமாடு அழித்த வழக்கும் பார்ப்பேன், விவாகரத்தும் பார்ப்பேன், பட்டாச் சண்டையும் பார்ப்பேன். வீட்டில் பழகிய என் இலங்கைப் பேச்சைக் கேட்டதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "உங்களுக்கு எந்த ஊருங்க?"

அன்று மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குக் கிளம்பினேன். இரண்டு நாள் வழக்கு என்பதால் அங்கேயே அறை எடுத்திருந்தேன். பக்கத்து வீட்டு வேலுச்சாமி, என் பழைய கட்சிக்காரர், காரை மறித்தார்.

"மதுரையில ராத்தங்கக் கூடாதுங்க. நேத்து அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என் சோலியில தலையிட நீங்க யாருங்க? இந்தக் கட்டுப்பாடெல்லாம் யாருக்கு?"

"ஊர்க்காரங்களுக்குத்தான். திருவிழா முடியுறவரை ஊரைவிட்டு வெளிய தங்கக் கூடாது. வெளியூர்க்காரங்க எங்கயும் தங்கலாம், அவங்கள யாரு கேக்கப் போறா?"

நான் வாதாடவில்லை. அறையை ரத்து செய்தேன்.

இரண்டு நாளும் வெள்ளனே மலையிறங்கி, ராத்திரி மலையேறினேன். இடுப்பு விட்டுப்போனது. எந்தத் தடையுத்தரவுக்கும் இவ்வளவு சந்தோஷமாக நான் கட்டுப்பட்டதில்லை.