மார்ச் பதினான்குக்கு மூன்று தட்டு

கண்ணாயிக்குத் தன் மகள் செத்த தேதியே தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கிளப்பியவர் வேறு யாருமில்லை, தாளாளரேதான். அதுவும் எப்படி? அவள் காது கேட்க, ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு.

தப்பு அவள்மேல்தான் என்றே வைத்துக்கொள்வோம். மாரமங்கலத்தில் அவள் சனம் சாவுக்குக் காலண்டரில் தேதி கிழித்துப் பார்ப்பதில்லை. அமாவாசையை வைத்துத்தான் கணக்கு. மகள் கீர்த்திகா போனது மாசி அமாவாசை கழிந்து நாலாம் நாள். அந்த நாள் இந்த வருஷம் முன்னாடியே வந்துவிட்டது. விடிந்ததும் கண்ணாயியும் அவள் புருஷன் பொன்னுவேலும் குளித்துவிட்டு, மகளைப் புதைத்த இடத்தில் பச்சரிசிச் சோறும் அவளுக்குப் பிடித்த மலை வாழைப்பழமும் வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு முதல் பஸ் பிடித்து ஏற்காடு வந்து இறங்கினார்கள். மகள் பேரைப் பள்ளிக்கூடத்தில் சொல்லப்போகிறார்கள், காதால் கேட்க வேண்டும் என்று வந்தவர்கள்.

"ஏனுங்க சார், இன்னிக்குத்தானுங்களே புள்ள போன நாளு? பேரு படிப்பம்னு டீச்சரம்மா சொன்னாங்க."

"இன்னைக்கு மார்ச் மூணும்மா. உன் பொண்ணு இறந்தது மார்ச் பதினாலு. பெத்தவளுக்கே தேதி நினைவில்லை, இதுல எங்களைக் குறை சொல்ல வேற வந்துடறீங்க." தாளாளர் பக்கத்தில் நின்ற கிளார்க்கைப் பார்த்துச் சிரித்தார். கிளார்க்கும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார், சம்பளம் வாங்குகிறவர்.

பஸ் ஸ்டாண்டு வந்ததும் பொன்னுவேல் சொன்னான். "அந்த எடத்துல இனி என்ற காலு படாது. நீயும் போவாத."

அவள் போகாமல் இருக்கப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலைக் கூட்டத்தில் 'இந்த நாளில்' என்று ஒன்று உண்டு. இன்ன தேதியில் உலகத்தில் யார் பிறந்தார், யார் எதைக் கண்டுபிடித்தார், எந்தப் போர் முடிந்தது என்று ஒரு பிள்ளை மைக்கில் வாசிக்கும். ஒவ்வொரு வரிக்கும் மண்டபம் முழுக்க மூன்று தட்டு. தட், தட், தட். அதற்கு மேல் ஒன்று தட்டினாலும் வாத்தியார் முறைப்பார். ஒன்பதாம் வகுப்பில் அதை வாசித்தவள் கீர்த்திகா. இலவச சீட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மலைக்காட்டுப் பிள்ளைக்கு அந்த மைக் கிடைத்தது அதன் குரலுக்காக. அப்படி ஒரு கணீர்க் குரல்.

லீவுக்கு ஊர் வந்தாலும் சும்மா இருக்கமாட்டாள். அம்மா மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தால் எதிரில் நின்று வாசித்துக் காட்டுவாள். ஒருநாள் யாரோ ஒருவர் செத்த வரி வந்தது. வாசித்துவிட்டு அவளே மூன்று தட்டும் தட்டினாள்.

"ஏங்கண்ணு, செத்ததுக்குமா கை தட்டுவீங்க?"

"பழக்கம்மா அது. பேரு படிச்சா தட்டோணும். பெரிய ஆளாயிட்டா பொறந்ததுக்கும் படிப்பாங்க, செத்ததுக்கும் படிப்பாங்க. என்ற பேரும் ஒருநாளு வரும் பாரு."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று ஒரு கை மிளகை அள்ளி அவள்மேல் எறிந்தாள் கண்ணாயி. அன்றைக்குச் சிரித்தார்கள் இரண்டு பேரும். நன்றாகத்தான் சிரித்தார்கள்.

போன வருஷம் மார்ச் பதினான்கு பள்ளிக்கூடத்தில் பை தினம். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, மூன்று புள்ளி ஒன்று நான்கு, அதற்கு ஒரு விழா. மூன்றாம் மாதம், பதினான்காம் தேதி. அன்று காலையில் கீர்த்திகாவுக்கு வயிற்று வலி. சுருண்டு சுருண்டு வாந்தி எடுத்தாள். மண்டபத்தை ஒட்டிய சிக் ரூமில் படுக்கவைத்தார்கள். பள்ளிக்கூட ஜீப் விருந்தாளியைக் கூட்டிவரச் சேலத்துக்கு இறங்கியிருந்தது. சரி, விருந்தாளியோடு திரும்பி வந்ததே, அப்போதாவது எடுத்தார்களா? விழா முடியட்டும், வாசலில் வண்டி நின்றால்தான் மரியாதை என்று நிறுத்திவைத்தார்கள். வேறு வண்டியா கிடைக்காது ஏற்காட்டில்? ஒரு ஆட்டோவுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சாயங்காலம் அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். குடல்வால் வெடித்திருந்ததாம். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சேலத்து டாக்டர் சொன்னார். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் அந்த மனுஷன்.

வீட்டிலிருந்து வரும்போதே உடம்புக்கு முடியாத பிள்ளை என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது. பொன்னுவேல் நடையாய் நடந்து, கால் ஓய்ந்து, மிளகு பறிக்கும் ஏணியில் திரும்ப ஏறிவிட்டான். அடக்கத்துக்குப் பள்ளியிலிருந்து வந்தது கணக்கு டீச்சர் சுஜாதா ஒருத்திதான். கண்ணாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது, "அடுத்த வருஷம் இதே நாள்ல கீர்த்திகா பேரை வாசிக்கிறோம்க்கா. அது என் பொறுப்பு" என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணாயி வருஷத்தை ஓட்டினாள். கேஸ் போடச் சொன்னவர்கள் சொல்லட்டும். அவளுக்கு வேண்டியது அந்த மண்டபத்தில், அந்த மைக்கில், மகள் பேர் ஒரே ஒரு தரம்.

பதினான்காம் தேதி அவள் தனியாக வந்தாள். மண்டபம் முழுக்கத் தோரணம், தோரணம் முழுக்க எண்கள். பெற்றோர்கள் நல்ல சேலை கட்டி முன்வரிசையில் இருந்தார்கள். அவள் கடைசியில் சுவரோரம் போய் நின்றாள். சுஜாதா டீச்சர் அவளைப் பார்த்ததும் முகம் செத்து, கிட்டே வந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. எழுதித்தான் கொடுத்தேன். தாளாளர் அந்த வரியை அடிச்சிட்டார். விசேஷ நாள்ல சாவுச் சேதி வேண்டாம்னு சொல்லிட்டார்."

"ஏனுங்க டீச்சர், இன்னிக்குப் படிக்கறதுல சாவே இல்லீங்களா?"

சுஜாதா குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேர் இருக்காங்க."

"அவிய சாவு நல்ல சாவுங்களா?"

டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். கண்ணாயிக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது. அழத் தெரிந்த அளவுக்கு அந்த அம்மாளுக்குப் பேசத் தெரியவில்லை.

மோனிஷா என்ற பெண் மைக்கைப் பிடித்தாள். ஹாஸ்டலில் கீர்த்திகாவின் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். "இந்த நாளில். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதில் இயற்பியல் மேதை ஐன்ஸ்டைன் பிறந்தார்." தட், தட், தட். "ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றில் கார்ல் மார்க்ஸ் மறைந்தார்." தட், தட், தட். "இரண்டாயிரத்துப் பதினெட்டில் அண்டவெளி ஆராய்ச்சியாளர் ஹாக்கிங் மறைந்தார்." தட், தட், தட்.

கண்ணாயி காத்திருந்தாள். அடித்தது அடித்ததுதான் என்று தெரிந்தும் நின்றாள். பெற்ற மனசுக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது?

"சென்ற ஆண்டு இதே நாளில், நம் பள்ளி மாணவர்கள் பையின் ஆயிரம் இலக்கங்களைப் பிழையின்றி ஒப்பித்துச் சாதனைச் சான்றிதழ் பெற்றார்கள்."

தட், தட், தட்.

அவளுக்குத் தலைக்குள் குப்பென்று ஏறியது. போன வருஷத்து மார்ச் பதினான்குக்கும் ஒரு வரி வைத்திருக்கிறார்கள்! நாளை மறக்கவில்லை, ஆளைத்தான் மறந்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை துடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பக்கம் ஒவ்வொரு எண்ணாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி வாசலில் சும்மா நின்றது. பாவிகளா! அந்த ஆயிரத்தில் ஒரு எண் குறைந்தால் என்ன குடியா முழுகிவிடும்?

நடுவில் இருந்த பாதையில் அவள் நடந்து போனாள். யாரோ பரிசு கொடுக்கக் கூப்பிட்ட அம்மா என்று நினைத்து வழிவிட்டார்கள். மேடையில் ஏறியதும் மோனிஷா அவளைப் பார்த்தாள். மைக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டுத் தள்ளி நின்றாள்.

"சாமிகளா, இதையும் கேட்டுக்கங்க. போன வருசம் இதே நாளுல, என்ற புள்ள கீர்த்திகா, ஒம்பதாப்பு படிச்சவ, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் வவுத்து வலியில கெடந்து செத்துப்போனா. வண்டி இருந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் ஆரும் ஏத்தல."

குரல் கணீரென்று மண்டபத்தின் கடைசி வரை போனது. மகளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தாளாளர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். அதற்குள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையைத் தூக்கிவிட்டன. தேதி சொல்லியாயிற்று, பேர் சொல்லியாயிற்று. தட். பின்னால் இருந்த பிள்ளைகள் பழக்கத்தில் சேர்ந்துகொண்டன. தட். இந்த வருஷம் வந்திருந்த தமிழ் தெரியாத விருந்தாளி முகம் மலர்ந்து தட்டினார். விருந்தாளி தட்டும்போது தாளாளர் கையைக் கட்டிக்கொண்டா நிற்பார்? அவரும் தட்டினார். தட்.

சரியாக மூன்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கண்ணாயி மைக்கை மோனிஷாவின் பக்கம் திருப்பி வைத்தாள். பேர் படித்தால் தட்டுவார்கள் என்று மகள் அன்றைக்கே சொன்னாள். அவள் படியிறங்கி வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே வரவேற்பு நடனத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஜீப் கழுவித் துடைத்து, மாலை போட்டு, வாசலிலேயே நின்றது.